முன்பாதி அவளுக்கு, பின்பாதி அவனுக்கு

மலையகத்து வட்டவளையில் மழை புத்தகங்களை விட்டுவைப்பதில்லை. ஈரம் முதலில் அட்டையை வளைக்கும். பிறகு முதுகுப் பசையைத் தளர்த்தும். ஒரு நாள் கையிலெடுத்தால் புத்தகம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி மடியில் விழும். கல்யாணமான புதிதில் லியனார்டும் பெற்றீசியாவும் இதற்காக வருத்தப்பட்டதுண்டு. பிறகு அதிலும் ஒரு வசதி இருப்பதைக் கண்டுகொண்டார்கள். ஒரே பிரதியை இருவரும் ஒரே நேரத்தில் படிக்கலாம். முன்பாதி அவளுக்கு, பின்பாதி அவனுக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள்.

முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போவதில் லியனார்டுக்கு ஒரு குறையும் இல்லை. "ஆளு எங்க போய்ச் சேர்ந்தான்னு தெரிஞ்சப்புறம் எப்படிப் போனான்னு பாக்குறதுதான் ருசி" என்பான். வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு: கதையின் கடைசியை, படிக்காதவரிடம் வாய்திறந்து சொல்லக் கூடாது.

ஜெகதீஸ்வரி டீச்சரின் நாவலும் இப்படித்தான் நடுவில் பிரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் படிப்பித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு எழுதிய முதல் நாவல். சனிக்கிழமை அட்டனில் அதற்கு ஒரு கூட்டம். வாசகர் வட்டத்தை நடத்தும் இராமையா சேர், தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் பெற்றீசியாவைப் பேசக் கேட்டிருந்தார். அவளுக்கு அதுதான் முதல் மேடை.

"பின்னட்டையப் படிச்சிட்டு வந்து அரை மணித்தியாலம் பேசுறாங்க சேர். நான் பேசினா முழுசாப் படிச்சிட்டுத்தான் பேசுவேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன சொல் இப்போது அவள் கழுத்தில் கிடந்தது. காரணம் லியனார்ட்.

அவனுக்கு நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பின்பாதியை மேசைக்குக் கீழே வைத்துப் படித்தான். இருமல் மருந்து கேட்டவர்களுக்கு வயிற்றுவலி மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் போய், முதலாளியிடம் ஏச்சு வாங்கினான். வீட்டில் அவள் "ஏங்க, முடிஞ்சிருச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம்" என்றான். சனிக்கிழமை காலை, ஸ்டேசனுக்குப் போய் அட்டன் கோச்சியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினான்.

"எப்ப முடிச்சீங்க?"

"புதன்கிழமை."

"அப்ப ஏன் குடுக்கல?"

லியனார்ட் யன்னலுக்கு வெளியே பார்த்தான். "திரும்ப ஒரு தரம் படிச்சேன்."

பெற்றீசியா அதை வெடுக்கென்று வாங்கினாள். பாதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கோச்சி அட்டன் போய்ச் சேர்வதற்குள் இருபது பக்கம் போகலாம். அதற்கு மேல் தலை சுற்றும்.

"நல்லா வந்து வாய்ச்சீங்க. மேடையில ஏறி என்னத்தச் சொல்ல? பாதிக்கு நான் பொறுப்பு, மீதிக்கு எங்க வீட்டுக்காரரக் கேளுங்கன்னா?"

"நான் கதையச் சொல்றேன். கேட்டுக்க."

"கடைசிய விட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள் உடனே. அந்தக் கோபத்திலும் அவள் கட்டுப்பாட்டை மறக்காதது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

சொல்லத் தொடங்கினான். பாக்கியம் என்றொரு கிழவி. வாய் பொல்லாதவள். மருமகளோடு சண்டை, பேரப்பிள்ளைகளோடு சண்டை. மகன் கொழும்பில் வேலை கிடைத்து அம்மாவைக் கூட்டிப்போகக் கோச்சி டிக்கட்டோடு வருகிறான். கிழவி டிக்கட்டை வாங்கி அடுப்பில் போடுகிறாள். யாருக்குச் சாவு என்றாலும், எவ்வளவு தூரம் என்றாலும், பஸ்ஸில் போவாள், இல்லாவிட்டால் நடப்பாள். கோச்சியில் மட்டும் கால் வைக்க மாட்டாள்.

"கோச்சின்னா பயம் போல கெழவிக்கு. ஆனா என்னா எழுத்துங்கிற! அந்த டிக்கட் எரியிற எடத்துல யாரும் ஒரு வார்த்த பேசல. மகன் சோத்தப் போட்டுத் திங்கிறான், அவ்வளவுதான்."

பெற்றீசியா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பயமில்லங்க."

"பின்ன?"

"முன்பாதியில பாக்கியத்துக்குப் பதினாலு வயசு, சின்னப் புள்ள. ஒப்பந்தப்படி குடும்பத்தோட இந்தியாவுக்கு அனுப்புறாங்க. டேசன்ல ஒரே கூட்டம், அழுக. அப்பன் நெனைக்கிறான், மக பொம்பளைங்க பொட்டியில ஏறிட்டான்னு. ஆத்தா நெனைக்கிறா, அப்பனோட இருக்கான்னு. இவ தேயிலக்குள்ள ஒளிஞ்சு நிக்கிறா. போக மனசில்லாம. கோச்சி போயிருச்சு."

றொசல்லை ஸ்டேசன் வந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். கோச்சி மறுபடி நகர்ந்தது.

லியனார்டின் தலைக்குள் தான் இரண்டு முறை படித்த பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கிழவி எரித்த டிக்கட். பாதையோரமாக நனைந்துகொண்டு அவள் நடந்த நடை. ஒரு எழுத்தும் மாறாமல் எல்லாம் மாறிப்போயிருந்தது.

"பின்பாதியில அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல" என்றான் மெதுவாக. "ஒரு வரி கூட!"

"இல்லையா?" பெற்றீசியாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நெசமாவா? திரும்பச் சொல்லவே இல்லையா? அடேயப்பா... நானா இருந்தா பத்துப் பக்கத்துக்கு அழ வச்சிருப்பேன்."

"டீச்சரம்மா நம்மள நம்பி விட்டிருக்கு."

அட்டன் வரும்வரை இருவரும் விடாமல் பேசினார்கள். அவன் ஒன்றைச் சொல்ல, அவள் அதற்கு வேரைக் காட்டினாள். எதிர் இருக்கையில் இருந்த மனிதர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயத்தின் வாசலுக்கு வந்ததும் லியனார்ட் வாயை மூடிக்கொண்டான்.

"மேடையில கேட்டா?" என்றாள் பெற்றீசியா.

"கேட்டா கேக்கட்டும். அத நீயே படிக்கணும். சொல்லிக் கெடுக்க மாட்டேன்."

மண்டபத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். முதலில் பேசியவர் மலையக மண்ணின் மணம், உழைக்கும் மக்களின் வியர்வை என்று நீளமாகப் பேசினார். பின்னட்டையில் இருந்த இரண்டு வாக்கியங்கள் அப்படியே வந்துபோயின. முன்வரிசையில் ஜெகதீஸ்வரி டீச்சர் குடையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

பெற்றீசியா எழுந்து போனாள். எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"டீச்சர், நான் பாதிதான் படிச்சிருக்கேன்" என்றாள்.

சபையில் ஒரு சலசலப்பு. இராமையா சேர் கண்ணாடியைக் கழற்றினார். லியனார்டுக்குக் காதுமடல் சுட்டது. தன்னால் வந்த வினை என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"புத்தகம் மழையில ரெண்டாப் போச்சு. பின்பாதி எங்க வீட்டுக்காரர்கிட்ட மாட்டிக்கிச்சு. அவரு ரெண்டு தரம் படிச்சிட்டாரு, எனக்குத் தரல. அதனால நான் படிச்சத மட்டும் சொல்றேன்."

சொன்னாள். வீட்டில் பேசுவது போலவே சொன்னாள். ஸ்டேசனில் அந்தப் பிள்ளை ஒளிந்து நிற்கும் இடத்தை அவள் சொன்னபோது பின்வரிசையில் வயதான ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஆளுங்க பேசுறத டீச்சர் ஒரு எடத்துலயும் கேலியாக்கல. அழகாவும் ஆக்கல. எங்க லயத்து வாசல்ல கேட்ட மாதிரியே இருக்கு. தோட்டத்துத் தொரை பேசுற எடந்தான் நாடகம் மாதிரி இருக்கு, அத மறைக்க விரும்பல" என்றாள். ஜெகதீஸ்வரி டீச்சர் தலையை ஆட்டிச் சிரித்தார். பிறகு பெற்றீசியா கீழே பார்த்து, "ஏங்க, வாங்க. மீதிய நீங்க சொல்லுங்க" என்றாள்.

லியனார்ட் மேடை ஏறியதே இல்லை. மைக்குக்கு எவ்வளவு கிட்டத்தில் நிற்பதென்று தெரியாமல் நின்றான். ஆனால் பாக்கியம் கிழவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மைக் மறந்துபோனது. அவன் சொல்லச் சொல்ல, நடுவில் அவள் புகுந்து காரணத்தைச் சொன்னாள். "இருடி, நான் அங்க வரல இன்னும்" என்றான். சபை சிரித்தது. டிக்கட் எரியும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"முடிவு என்னங்க?" என்று யாரோ கத்தினார்கள்.

"இவ இன்னும் படிக்கல" என்றான் லியனார்ட். "மன்னிச்சுக்கங்க."

கைதட்டல் அடங்க நேரமானது. கீழே இறங்கியதும் ஜெகதீஸ்வரி டீச்சர் அவனிடம் வந்தார். "துரை பேசுற இடம் எனக்கும் சரிவரேல்லைத் தம்பி. நாலு தரம் மாத்தி எழுதினனான். அது கிடக்கட்டும், முடிவு உங்களுக்குப் பிடிச்சுதோ?"

"டீச்சர், இப்ப வேணாம். அவ காதுல விழுந்துரும்" என்று திரும்பினான். பெற்றீசியா அங்கே இல்லை.

தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கடைசி வரிசையில், சுவரோரமாக, அவள் பின்பாதியை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். முதலிலிருந்து இல்லை, நேராகக் கடைசி அத்தியாயம். பக்கத்தில் வைத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

இராமையா சேர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவளைப் பாராட்ட வந்தார். லியனார்ட் குறுக்கே போய் நின்றான்.

"கொஞ்சம் பொறுங்க சேர்" என்றான் தாழ்ந்த குரலில். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."