அடுத்த வரி

சபையில் அவளுக்குப் பெயர் ஸ்கிரீன் அக்கா. போதகர்கூட மேடையிலிருந்து, “ஸ்கிரீன் அக்கா, அந்த வசனத்தைப் போடுங்க” என்றுதான் சொல்வார். ஆராதனையில் பாடும் பாட்டுகளின் வரிகளை, முன்சுவரில் தொங்கும் வெள்ளைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவது அவள் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளமுள்ள வேலை ஒரு அச்சகத்தில். வாரம் முழுக்க அங்கே கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அறிவிப்பு, கடைத் திறப்பு நோட்டீஸ் என்று எதையாவது தட்டிக்கொண்டிருப்பாள். எழுத்தைத் தட்டுவாளே தவிர வாசிக்க மாட்டாள். வாசித்தால் வேகம் போய்விடும். யார் வீட்டுக் கல்யாணம் என்று மதியம் கேட்டால் முழிப்பாள்.

சபை ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. கணினியும் மேசையும் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி. மேசைக்குப் பின்னால் கதவு, கதவுக்கு அப்பால் படிக்கட்டு. கொக்கி சரியில்லாததால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். பிந்தி வருகிறவர்கள் அந்த வழியாகப் பூனைபோல நுழைந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று, “ஆரம்பிச்சாச்சா அக்கா?” என்று கிசுகிசுப்பார்கள். உள்ளே அத்தனை பேரும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கும்போது இது ஒரு கேள்வியா? ஆனாலும் அவள் பொறுமையாகத் தலையாட்டுவாள். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்கள் அவளிடம் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் முகம் ஒன்றும் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். முதுகை வைத்தே சபை முழுவதையும் அவள் சொல்லிவிடுவாள். தையல்காரரின் முதுகு பாட்டு தொடங்கும் முன்பே ஆடும். நர்ஸம்மாவின் ஒரு தோள் மட்டும் குலுங்கினால் அழுகிறாள் என்று அர்த்தம். இரண்டு தோளும் குலுங்கினால் சிரிக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்த பழக்கடைக்காரி இரண்டு கையையும் உயரே தூக்கினால், அந்தக் கைகளைக் கீழே இறக்க யாராலும் முடியாது.

ஆமாம், அந்தச் சபையில் சந்தோஷம் என்றால் லேசுப்பட்ட சந்தோஷமில்லை. மூன்றாவது பாட்டில் எங்கிருந்தோ வந்து இறங்கும். யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் பேசுவார்கள், குதிப்பார்கள், விழுந்து கிடப்பார்கள், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். வரிசை வரிசையாக அது பின்னோக்கி நகர்ந்து வருவதை அவள் பார்ப்பாள். கடைசி வரிசைவரை வரும். மேசைக்கு முன்னால் நின்றுவிடும். வருஷக்கணக்காக அப்படித்தான்.

வராததற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். திரை தள்ளுகிறவள் எப்போதும் ஒரு வரி முன்னால் இருக்க வேண்டும். சபை ஒரு வரியில் உருகிக்கொண்டிருக்கும்போது இவள் கண் அடுத்த வரியில் இருக்கும், அதில் துணைக்கால் விடுபட்டிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று. எல்லோரும் இருக்கும் இடத்தில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. ஒருமுறை இதைச் சரிசெய்யலாம் என்று வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள், கண்ணை மூடினாள். திரையில் வரி பிந்தி விழுகிறது என்பது கண்ணை மூடியிருந்தும் அவளுக்குத் தெரிந்தது. விரல் தானாகத் தொடையில் தட்டியது. பக்கத்தில் இருந்த நர்ஸம்மா பரிசுத்த ஆவியானவரோடு எங்கேயோ போய்விட்டாள். இவள் எழுத்துப்பிழையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டிலும் அவளோடு யாரும் இல்லை. ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு. தம்பி குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தான். ஞாயிறு மதியம் தவறாமல் போன் செய்வான், தவறாமல் பாதியில் வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை உடுப்புக்குக்கூட அவள் முன்பக்கம் மட்டும்தான் இஸ்திரி போடுவாள். பின்பக்கம் நாற்காலியில் சாய்ந்து கசங்கத்தானே போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த வாரம் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிற்க, இவள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி நிமிர்ந்தபோது மாடியில் ஆளே இல்லை, விளக்கையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று இருட்டில் நின்று நினைத்தாள். நினைத்ததும் அழுகைகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை போதகரின் மனைவிக்குப் போன் செய்தாள்.

“அம்மா, இந்த ஞாயிறோட நான் நிறுத்திக்கிறேன். கம்ப்யூட்டர் வைக்கிற பீரோ சாவியை உங்ககிட்டயே கொடுத்துடறேன்.”

“ஏம்மா, உடம்பு சரியில்லையா? சரி சரி, ரெஸ்ட் எடுங்க. வந்து சும்மா உட்கார்ந்து ஆராதிங்க.”

சும்மா உட்காரவும் வரப்போவதில்லை என்பதை அவள் சொல்லவில்லை. திரையை விட்டால் சபையையும் விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தாள்.

சபையே அண்ணன் என்று கூப்பிடுகிற பாட்டுக்காரர் சனிக்கிழமை புதுப் பாட்டு ஒன்றைப் போனில் அனுப்பினார். ஆள் லாரி மெக்கானிக். தாளமும் தொண்டையும் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது, ஞாபகசக்தி மட்டும் கொஞ்சம் மட்டு. அதனால் அவருக்கென்று மேடைக்குக் கீழே ஒரு சின்னத் திரை உண்டு. பெரிய திரையில் விழுவது அதிலும் விழும். அதைப் பார்த்துத்தான் பாடுவார். உள்ளங்கையைக் காட்டினால் அடுத்த வரி, விரலைச் சுழற்றினால் திரும்பவும் அதே வரி. சபையார் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பல காலமாகிவிட்டது. ஆக மொத்தம், அந்த மாடியில் அடுத்த வரி என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அச்சகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் பாட்டைத் தட்டி முடித்தாள். வழக்கம்போல வாசிக்கவில்லை.

ஞாயிறு புதுப் பாட்டு மூன்றாவதாக வந்தது. தையல்காரர் முதுகு ஆட ஆரம்பித்துவிட்டது. அண்ணன் உள்ளங்கையைக் காட்டினார், அவள் தள்ளினாள். காட்டினார், தள்ளினாள். சாவி உடுப்புப் பையில் கனத்தது. இன்னும் நாலைந்து தட்டல், அப்புறம் விடுதலை என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. பிடரியில் காற்றுப் பட்டது. யாரோ பிந்தி வந்து பின்னால் நிற்கிறார்கள். திரும்பாமலே தலையாட்டத் தயாராக, “ஆரம்பிச்சாச்சா அக்கா?” என்ற கேள்விக்காகக் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. உள்ளே போகவும் யாரும் போகவில்லை. ஆனால் நிற்கிறார்கள், அது நிச்சயம். தோளுக்குப் பின்னால் ஒருவர் அவசரமே இல்லாமல் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. யாராயிருக்கும் என்ற யோசனையில், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அடுத்த வரியைப் பார்க்க மறந்து, சபை பாடிக்கொண்டிருந்த வரியைப் பார்த்தாள்.

வாசலண்டை நிற்கிறீர், இன்னும் நிற்கிறீர்.

தட்டச்சு செய்தவள் அவள்தான். இப்போதுதான் வாசித்தாள்.

முதலில் பயம் வந்தது. எல்லோரும் முன்பக்கம் பார்த்து ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களே, இவர் இங்கே பின்னால் அல்லவா நிற்கிறார்! எத்தனை நாளாக நிற்கிறார்? எல்லார் முதுகையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, என் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தாரா? கசங்கிய முதுகை? இருட்டில் வயர் சுருட்டிய முதுகை? திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கத் தேவையில்லை என்ற அளவுக்கு அவர் பக்கத்தில் இருந்தார்.

பயம் அப்படியே சந்தோஷமாக மாறியது. எந்த இடத்தில் மாறியது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சில் முட்டி, வாய் வழியாகச் சிரிப்பாகவும் கண் வழியாகத் தண்ணீராகவும் ஒரே நேரத்தில் வந்தது. கை கணினியை விட்டுவிட்டது. இரண்டு கையும் மேலே போயின. யாரும் தூக்கச் சொல்லவில்லை. அவள் பாடினாள். சபை பாடிய அதே வரியை, சபையோடு, அதே நேரத்தில் பாடினாள். அழுது, சிரித்து, எழுந்து நின்று, தன்னை மறந்து பாடினாள்.

மேடையில் அண்ணன் உள்ளங்கையைக் காட்டினார். திரை அசையவில்லை. மறுபடி காட்டினார். சின்னத் திரையிலும் அதே வரி. புதுப் பாட்டு, அடுத்தது என்னவென்று அவருக்குச் சுத்தமாகத் தெரியாது, சபைக்கும் தெரியாது. மனிதர் வேறு வழியில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதே வரியைப் பிடித்தார். சபையும் பிடித்தது. வாசலண்டை நிற்கிறீர், இன்னும் நிற்கிறீர். பழக்கடைக்காரியின் கைகள் மேலே போயின. நர்ஸம்மா முழங்காலில் விழுந்தாள். தரை அதிர்ந்தது. ஒரு வரியிலேயே அந்த மாடி முழுக்க அழுது தீர்த்தது. எப்போதும்போல முன்னால் முதுகுகள்தான் இருந்தன, ஆனால் அன்று அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பாட்டு தானாக ஓய்ந்து, எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பின்னால் கதவு திறந்து கிடந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. கொக்கி சரியில்லாத கதவு, காற்றில் திறந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவள் அவர்களோடு வாதாடப் போவதில்லை.

போதகர் மைக்கை எடுத்துச் சொன்னார். “இன்னைக்கு ஆவியானவர் பாட்டு நடத்துற நம்ம தம்பிகிட்ட பேசியிருக்கார். இந்த வரியை விடாதேன்னு சொல்லியிருக்கார்.” அல்லேலூயா என்று மாடி முழங்கியது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆராதனை முடிந்ததும் அவர் நேராக மேசைக்கு வந்தார்.

“என்னக்கா, சிஸ்டம் தொங்கிடுச்சா?”

“ஆமாப்பா. தொங்கிடுச்சு.”

“எனக்கு உயிரே போயிடுச்சு. எல்லாரும் வந்து கையைப் பிடிச்சு அழறாங்க. நான் என்னத்தச் சொல்ல?”

“ஒண்ணும் சொல்லாதே. வந்தது வந்ததுதானே.”

அவர் போய்விட்டார். இவளுக்கு யாரையாவது பிடித்து நிறுத்தி, எனக்கு வந்தது, இன்றைக்கு எனக்கும் வந்தது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், உன்னால்தான் திரை நின்றதா என்று கேட்பார்கள். பழக்கடைக்காரி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்ததை, மறதியில் நடந்த பிசகு என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வயரைச் சுருட்டினாள்.

போதகரின் மனைவி வந்து கையை நீட்டினாள். “அற்புதமான ஆராதனை! நீங்கதான் பாவம், பெட்டி முன்னாடியே உட்கார்ந்து எல்லாத்தையும் விட்டுட்டீங்க. கொடுங்கம்மா சாவியை, அடுத்த வாரம் முன்வரிசையில உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்.”

அவள் பைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா. நான் இங்கேயே இருந்துக்கறேன்.”

“போன்ல நிறுத்தறேன்னீங்களே?”

“சொன்னேன். கதவுகிட்ட ஒரு ஆள் இருக்கணும்மா.”

மதியம் தம்பி போன் செய்தான். “சாப்டியாக்கா?”

“சாப்டேன்டா. இன்னைக்கு சர்ச்சுல என்ன நடந்துச்சு தெரியுமா...”

“அக்கா, ஒரு நிமிஷம், சின்னவன் தண்ணித் தொட்டிகிட்ட போறான். அப்புறம் கூப்பிடறேன்.” கூப்பிடவில்லை.

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். சொல்ல ஆளில்லாத சந்தோஷமும் நெஞ்சை அடைக்கத்தான் செய்கிறது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தட்டைக் கழுவி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை இஸ்திரிப் பெட்டி சூடானதும், எப்போதும்போல உடுப்பின் முன்பக்கத்தைத் தேய்த்து முடித்தாள். பெட்டியை நிமிர்த்தி வைக்கப்போனவள் நின்றாள். உடுப்பைத் திருப்பிப் போட்டு, தோள்பட்டையிலிருந்து கீழ்வரை, ஒரு சுருக்கமும் இல்லாமல் முதுகுப் பக்கத்தைத் தேய்த்தாள்.