போட்டாச்சு என்ற ஒரு சொல்

தையல்காரியைப் பயமுறுத்தியது மகளின் காய்ச்சல் இல்லை, கண். இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்றிருந்தன, பீளை ஒரு துளி கிடையாது. போன வருஷம் மூத்த மகன் பெரியவனுக்கும் இதே கண்தான். அவன் செத்துப்போன பிறகு, ஊசியில் நூல் கோக்கக் குனிந்தால்கூட அந்தக் கண் எதிரே வந்து நின்றது.

பதினாலு வயது மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. ஊர்ப்பட்ட வாய். அன்றைக்கு உதடு வெடித்துச் சுருண்டு கிடந்தாள். "வயிறு வலிக்குதும்மா" என்றதோடு சரி.

ஆஸ்பத்திரியில் அதே பெஞ்சு, அதே மருந்து நெடி. போன வருஷம் பெரியவனைக் கொண்டுவந்தபோது இருந்த டாக்டர், கொரோனா ஊசி போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்று தையல்காரிதான் பெருமையாகச் சொன்னாள். அப்படியென்றால் பயமில்லை என்று அனுப்பிவிட்டார். அதற்குச் சில வாரம் முன்னால் வீடே சளியும் காய்ச்சலுமாகப் படுத்ததை யார் கேட்டார்கள்? இதயம் வீங்கியது தெரிந்தபோது கைமீறிவிட்டது. பாழாய்ப்போன அந்தச் சொல்லை அவள் பிறகு வாயில் எடுத்ததே இல்லை.

இப்போது வந்தது சின்ன வயது டாக்டரம்மா. "கொரோனா ஊசி போட்டாச்சாம்மா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை தையல்காரிக்கு. இருந்தும் "போடல" என்றாள்.

வாலு தலையைத் தூக்கினாள். "ரெண்டு தடவை போட்டேனே. நீதானம்மா கூட்டிட்டுப் போனே."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரிக்கு மானமே போனது. "போட்டாச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க" என்றாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மகளின் கண், நாக்கு, உள்ளங்கை, வயிறு என்று நிதானமாகப் பார்த்தாள். "சமீபத்துல சளி, காய்ச்சல் வந்துச்சா?"

"போன மாசம். வீட்ல எல்லாருக்கும்."

"இன்னைக்கே சேத்துடலாம். ரத்தம் எடுக்கணும், இதயத்துக்கு ஸ்கேன் பாக்கணும். கொரோனா போனப்புறம் சில பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் இப்படி அழற்சி வரும். இது அதுவா இருக்கலாம். நேரத்தோட வந்துட்டீங்க."

"ஊசி போட்டிருக்கே?"

"போட்டவங்களுக்கு ரொம்பக் கம்மி. வராதுன்னு இல்ல. போட்டிருந்தாலும் நாங்க தேடணும்."

தையல்காரி கேட்டாள்: "அப்போ போன வருஷம் செத்துப்போன என் பெரியவனுக்கு நான் போட்டாச்சுன்னு சொன்னது தப்பில்லையா?"

போட்டாச்சு என்றதும் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. "உங்க தப்பு இல்லம்மா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவனுக்குக் கண்ணு எப்படி இருந்துச்சு?"

"இவளுக்கு இருக்கிற மாதிரியேதான்" என்றாள் தையல்காரி. "ஒரு துளி பீளைகூட இல்ல."