பெயருள்ள வலி

மாமியார் தொலைபேசியில் யாரிடமோ 'எண்டோமெட்ரியோசிஸ்' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது, சின்ன மருமகள் அடுப்படி மேடையில் கையை ஊன்றி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தாள். சொந்தப் பேரன் எத்தனாவது படிக்கிறான் என்பது மாமியாருக்கு நினைவில் நிற்காது. இந்தக் கர்ப்பப்பை நோயின் பெயர் மட்டும் பிசகியதே இல்லை. "ஆமாங்க, பெரிய மருமகளுக்குத்தான். வயித்துல குழாய் விட்டு ஆபரேஷன் பண்ணிப் பார்த்தாங்க. சாதாரண டாக்டருக்கெல்லாம் கண்டுபிடிக்கவே வராதாம்" என்றாள், வீட்டுக்கு ஒரு பட்டம் வந்து சேர்ந்த தோரணையில்.

பட்டம் வாங்கிய பெரியவள் கூடத்து சோபாவில் வெந்நீர்ப் பையும் வயிறுமாகச் சாய்ந்திருந்தாள். அவள் கணவர் வந்தவர்களுக்கெல்லாம் கைப்பேசியில் கர்ப்பப்பைப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பாடம் நடத்துவார். தண்ணீர்க் கேன் போட வந்தவர்கூட கேனைத் தோளிலிருந்து இறக்காமலேயே பாதிப் பாடம் கேட்டுவிட்டுப் போனார்.

சின்னவளுக்கும் வலிதான். நாலு வருடமாக. துணிக்கடையில் நின்றபடியே வேலை. மேல்தட்டிலிருந்து துணிக்கட்டுகளை இறக்கும்போதெல்லாம் வலது அடிவயிற்றில் ஒரே இடத்தில் சுரீரென்று பிடிக்கும். ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, மறுபடி ஸ்கேன். எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் வீடே திரண்டு அவளை வாழ்த்தியது. "நல்லவேளை, ஒண்ணுமில்ல" என்பாள் மாமியார்; சொன்ன கையோடு துவைக்கிற வாளியை நீட்டுவாள். கணவன் இன்னும் கரிசனமானவன். "மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்பான். வலி வயிற்றில் கிடக்க, ஆளாளுக்கு மனசுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

பெரியவளுக்கு நோய் தெரிந்த அன்று ஆறுதல் சொல்லத்தான் சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே நின்றபோது, 'இவளுக்கு மட்டும் கிடைச்சிருச்சே' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கடையில் பக்கத்து மேசைக்காரிக்குச் சம்பளம் உயர்ந்தபோது வந்த அதே எரிச்சல். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் எரிச்சல் ஒன்றும் அடங்கிவிடவில்லை.

அந்த எரிச்சல்தான் அவளைப் புது டாக்டரிடம் கொண்டுபோய் உட்காரவைத்தது. அந்த அம்மாள் ஸ்கேன் படங்களை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். மாதவிலக்கோடு கூடுகிறதா, சிறுநீர் போகும்போது எப்படி, கணவனோடு இருக்கும்போது எப்படி, புரண்டு படுக்கும்போது, பாரம் தூக்கும்போது. இவ்வளவு நேரம் தன்னைப் பற்றியே பேசியது சின்னவளுக்கு ஏதோ தப்பு செய்வதுபோல் இருந்தது. பிறகு படுக்கச் சொன்னார்.

"எங்கன்னு ஒரே விரலால காட்டுங்க."

காட்டினாள். டாக்டர் அங்கேயே தன் விரலை வைத்து அழுத்தினார்.

"காலை அசைக்காம தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க."

தூக்கினாள். "அய்யோ அம்மா!"

"கூடுதா?"

"உயிரே போகுது டாக்டர்."

"தலையைத் தூக்கினா வயித்துத் தசை இறுகும். உள்ளுக்குள்ள இருக்கிற வலின்னா அது மறைச்சிரும், பெரும்பாலும் குறையும். உங்களுக்குக் கூடுது. வயித்துச் சுவர்லயே, தசைக்குள்ள ஒரு நரம்பு மாட்டிக்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன். அதெல்லாம் ஸ்கேன்ல தெரியாது. அந்த இடத்துல மரத்துப்போக ஊசி போடறேன். வலி நின்னா உறுதி."

நின்றது. வலியில்லாத வயிறு யாருடையதோபோல் இருந்தது. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"இதுக்குப் பெரிய பேரு ஏதாவது இருக்கா டாக்டர்?"

"பேரு எதுக்கும்மா?"

"வீட்டுல சொல்லணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் சொன்னாள். "நரம்பா? இவ்வளவுதானா? நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள் மாமியார். பெரியவளின் கணவர் உடனே கைப்பேசியைத் துழாவினார். காட்டும்படியான படம் எதுவும் அகப்படாததால் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். பெரியவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஊசி போட்டதும் நின்னுடுச்சாமே?"

"அங்கேயே நின்னுடுச்சுக்கா. திரும்ப வரலாமாம். வந்தா மறுபடி போடுவாங்களாம்."

பெரியவள் ஆறிப்போன வெந்நீர்ப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "எனக்கு ஆபரேஷனுக்கு அப்புறமும் இருக்குடி. சொன்னா, 'அதான் பேரே கண்டுபிடிச்சாச்சே'ங்கறாங்க. அதோட சரி, யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல. உன்னை மட்டும் உக்கார வச்சு அந்த டாக்டர் அவ்வளவு நேரம் கேட்டாங்களாம்."

அந்த 'உன்னை மட்டும்' சின்னவளுக்கு நன்றாகப் பழகிய குரல். நேற்று வரை அவளுக்குள் இருந்தது.

"எங்க வலிக்குது? ஒரே விரலால காட்டுங்க."

"இங்க."

"சோபாவுல படுங்க."

பெரியவள் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தாள். காட்டிய இடத்தில் சின்னவள் விரலை வைத்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான். அதிலும் இவளுக்குப் பங்கா? விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அழுத்தியது.

"தலையைத் தூக்குங்கக்கா."

பெரியவள் கழுத்து புடைக்க மெல்லத் தூக்கினாள். விரலுக்கடியில் தசை கல்லாக இறுகியது. கத்த வேண்டும் என்றா, கத்தக் கூடாது என்றா, எதை வேண்டிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சின்னவளுக்கே தெரியவில்லை. வெந்நீர்ப் பை சோபா விளிம்பில் சரிந்து தொப்பென்று தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.