எலிவால் நிறையப் பூ

கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்காரி, பூச்செடிப் போட்டிக்குத் தன் செடியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். மிளகுக் குடும்பம்தான், ஆனால் கொடி இல்லை, கணுவுக்குக் கணு புடைத்து நிமிர்ந்து நிற்கும் புதர்ச்செடி. ஒவ்வொரு இலைக்கும் எதிரே எலிவால் போல ஒரு வெள்ளைக் கதிர் வளைந்திருந்தது.

நடுவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பூ எங்கம்மா?”

“அந்த வால் முழுக்கப் பூதான் சார்.” கடையில் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸை நீட்டினாள்.

பார்த்தவர் வாயைப் பிளந்தார். இதழே இல்லாத பூக்கள், ஊசி நுழைய இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன.

“அடேங்கப்பா! ஆனா தள்ளி நின்னு பார்க்கிறவங்களுக்கும் தெரியணுமேம்மா.” பரிசு ஒற்றைப் பூப் பூத்த ரோஜாவுக்குப் போனது.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் தலை குனியவில்லை. செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். “இன்னும் பூக்கலையா?”

கடைக்காரி லென்ஸை அவள் கையில் திணித்தாள். “ஒரே ஒரு வாலை எண்ணுங்கக்கா. நீங்க இறங்குற ஸ்டாப் வந்துடும், பூ முடியாது.”

ஸ்டாப் வந்தது. அந்த அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.