ஆறாம் பக்கத்துச் செருப்புகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அச்சகத்துக்கு நான் போனது ஒரு கையெழுத்துக்காக. முதல் தாளை ஓட்டிக் காட்டி, ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் மீதியை அடிப்பார்கள். என் மனைவி வித்யா எழுதி வரைந்த குழந்தைகள் படப்புத்தகம். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

"நல்லா வந்துகீது சார். போடுங்க," என்றார் மிஷின்மேன் தேவராஜ்.

பேனாவைத் திறந்தேன். எதையும் கவனித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது. ஆறாம் பக்கத்தில் அவள் வரைந்திருந்த என் செருப்பை மட்டும் தேடினேன். இல்லை.

கதை இதுதான். ஐந்தாம் பக்கத்தில் தொழிற்சாலையில் செய்த நாற்பது செருப்புகள், எல்லாம் ஒரே அச்சு. ஆறாம் பக்கத்தில் ஒருவர் கையால் தைத்த நாற்பது, நாற்பது விதமான கால்களுக்கு. முன்பக்கம் அகலமான ஒன்று என்னுடையது. வாத்துக்கால் என்பாள். இப்போது இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல இருந்தன.

பக்கங்களை வடிவமைத்த ஜெபாவைக் கூப்பிட்டார்கள்.

"ஒவ்வொண்ணும் கோணலா இருந்துச்சு சார். நல்லா இருந்த ஒண்ண எடுத்து காப்பி பண்ணிட்டேன்."

"ஏம்மா, செருப்பு தைக்கிறவரு கடையில நீ ஃபேக்டரி தொறந்துட்டியா?" என்றார் தேவராஜ்.

"பழைய ஃபைல்?" என்று கேட்டேன்.

"அது மேலயேதான் சேவ் பண்ணேன்," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

மூல ஓவியங்கள் போன டிசம்பர் மழையில், ஆவடி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிக் கூழாகிவிட்டன. மறுபடி வரைய ஆளில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஜெபா மெயிலில் தேடினாள். போன வருடம் வித்யா அனுப்பியது அப்படியே இருந்தது, ஸ்கேன் செய்த படங்களுடன். மேலே நாலு வார்த்தை எழுதியிருந்தாள். "அஞ்சாம் பக்கத்துக்கு ஒண்ணுதான் வரைஞ்சிருக்கேன், காப்பி பண்ணிக்கோங்க. ஆறாம் பக்கத்துல தயவுசெஞ்சு கை வெக்காதீங்க."

"முதல் வரியோட நிறுத்திட்டேன் சார்," என்றாள் ஜெபா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் பயந்துகொண்டே சிரித்தாள்.

அந்தப் படங்களை வைத்துப் புது அச்சுப் பிளேட் போட்டுத் தாள் வர ஒரு மணி நேரம் ஆனது. நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

"ஆயிரம் காப்பியும் இதே மாதிரி வரணும்," என்றேன்.

"அதுக்குத்தான சார் மிஷினு," என்றார் தேவராஜ்.