பெட்டி தொலைந்தவர்களுக்குச் சொல்லும் குரல்

பயணிகள் தொலைத்த பெட்டிகளுக்கான கால் சென்டர் அது. 'அன்ஃபார்ச்சுனேட்லி'யை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்து, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அப்புறம்தான் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். பெட்டி கிடைக்காது என்பதற்கு இத்தனை அலங்காரம்! அங்கே போனில் பேசும் வேலை பார்க்கும் அவளுக்கு அது தண்ணி பட்ட பாடு.

மத்தியானம் அண்ணன் ஆபீசுக்கே போன் போட்டு, அம்மா போய்விட்டதைச் சொன்னான். "தங்கச்சிக்கு நீயே சொல்லிடு. என்னால முடியல."

அழுகை வரவில்லை. கழுத்தில் ஹெட்போன் மட்டும் கனத்தது. செல்போன் லாக்கரில் இருந்ததால், ஆபீஸ் போனிலிருந்தே தங்கையை அழைத்தாள். வாய் அது பாட்டுக்குப் பேசியது.

"அன்ஃபார்ச்சுனேட்லி..." கச்சிதமாக ஒரு மூச்சு. "அம்மா தவறிட்டாங்க."



"நீங்க யாருங்க பேசறது?" என்றாள் தங்கை.