மூன்றாவது நகல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்காது. அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். அவருடைய மனைவி சோற்றுப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"சாப்பாடு எங்க போடறது? இதோட தலையிலயா?"

"அஞ்சே நிமிஷம்," என்றார் அவர். அவருடைய ஐந்து நிமிஷம் எத்தனை நீளம் என்பது அவளுக்கு இதற்குள் தெரிந்திருந்தது. தட்டுகளைத் தரையில் வைத்தாள். அவர் தலை நிமிராமலே தொடர்ந்தார். "நம்ம வீட்டுக்குன்னு ஒரு சர்வர் செய்யறேன். போட்டோ, வீடியோ, படம், பாட்டு எல்லாம் இதுக்குள்ள போயிடும். டிவியிலயும் பாக்கலாம், போன்லயும் பாக்கலாம். அந்த கேபிள் எங்க, இந்த பென் டிரைவ் எங்கன்னு யாரும் வீட்டைத் தலைகீழாப் போட வேண்டாம்."

மேசையின் மறு ஓரத்தில் அவருடைய மகள் திருகாணிகளைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் உட்காராத பெண் என்பதால் அவளுக்குத் தும்பி என்று பெயர் விழுந்துவிட்டது. தும்பியைப் பெற்ற அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது சோற்றுப் பாத்திரத்தோடு வந்தவள், கல்யாணமே வேண்டாம் என்று தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடமே கதியாக இருந்து, மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. தும்பி அவளைச் சித்தி என்று கூப்பிட்டாள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

பெட்டி உருவாகிவிட்டது. புது ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி உள்ளே பூட்டினார். வேகம் போதவில்லை என்று பழைய சாமான் கடையில் ஒரு ரேம், அதாவது நினைவுச் சில்லு, தேடிப் பிடித்து ஏற்கெனவே இருந்ததோடு கூடுதலாகச் செருகினார். பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு டிஸ்க்கை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"இதுல தும்பியோட அம்மா வீடியோ எல்லாம் இருக்கு. உள்ள போடட்டுமா?"

"இது என்ன கேள்வி? போடுங்க," என்றாள் சித்தி. வாய் சொல்லிவிட்டது. மனசு ஒரு எட்டுப் பின்னால் நின்றது. அலமாரிக்குள் இருந்தவரை அந்த வீடியோக்கள் இருப்பதே தெரியாது. இனி கூடத்து டிவியில், ரிமோட்டை அழுத்தினால் வந்து நிற்கும்.

மெக்கானிக் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு நகலெடுத்தார். பழைய டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, அதையும் பெட்டிக்குள்ளேயே இரண்டாவது டிஸ்க்காகப் பூட்டினார். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். லிஃப்ட்டுக்கு ரெண்டு கயிறு மாதிரி," என்று கையைத் தட்டிக்கொண்டார். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டி குடியேறியது. அதன் மின்விசிறி சளி பிடித்த பூனை மாதிரி மூச்சு விட்டது.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தும்பி பையை எறிந்துவிட்டு ஒரு வீடியோ பார்ப்பாள். தினமும் இல்லை. பார்க்கும் நாளில் சித்தி சமையலறையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். பார்க்கக் கூடாது என்றில்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார அவளுக்குக் கால் வரவில்லை. குரல் மட்டும் காதில் விழும். தும்பியின் அம்மாவுக்குக் கணீரென்ற குரல். எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

ஒரு சாயங்காலம் அந்தச் சிரிப்பு பாதியில் கிறீச்சிட்டது. சித்தி எட்டிப் பார்த்தாள். திரையில் இருந்த முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறி, பச்சையும் சாம்பலுமாக உறைந்து கிடந்தது. தும்பி திரும்பப் போட்டாள். அதே இடத்தில் அதே கிறீச். வேறொன்றைப் போட்டாள். அது தொடங்கவே இல்லை. டிவியை அணைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

சித்தி கரண்டியோடு அங்கேயே நின்றாள். சரி, இனி அந்தக் குரல் கூடத்தில் கேட்காது என்று ஒரு நிம்மதி எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்த்தது. வந்த வேகத்தில் அவளுக்கே முகம் சுண்டிப்போயிற்று. சீ, நானா இப்படி நினைத்தேன் என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மெக்கானிக் அந்த வாரம் முழுக்கப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். கேபிளை மாற்றினார், ரவுட்டரை மாற்றினார், டிவியைத் திட்டினார், மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, "இப்ப பாரு," என்பார். அதே இடத்தில் அதே கிறீச்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது கெட்டதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் சித்தி.

"கெட்டது போனாப் போதும். எதுன்னு தெரிஞ்சு நான் என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?"

அவளுடைய விடுமுறை நாள் வந்தது. இருவரும் வெளியே போன பிறகு சித்தி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். தன் லேப்டாப்பிலிருந்து சர்வருக்கு ஏற்றியிருந்த படங்களை முதல் தடவையாகத் திறந்து பார்த்தாள். அவளுடைய அக்கா குழந்தையின் படத்தில் பாதி முகத்துக்குமேல் சாம்பல் பட்டை. லேப்டாப்பில் இருந்த அசல் படம் பளிச்சென்று இருந்தது. ஆக, கோளாறு தும்பி அம்மாவின் வீடியோவுக்கு மட்டும் வந்தது இல்லை. மற்றதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பரிசோதனைக் கூடத்தில் சந்தேகம் வந்தால் அவர்கள் செய்வது ஒன்றுதான். ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குழாயில் எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டு விடை வேறு வேறாக வந்தால் மெஷினைத்தான் பிடிக்க வேண்டும். சித்தி தன் லேப்டாப்பில் இருந்த ஒரு வீடியோவை எடுத்து இரண்டு தடவை சர்வருக்கு நகலெடுத்தாள். கோப்புகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சொல்லும் ஒரு மென்பொருளில் கொடுத்தாள். அசல் ஒரு மாதிரி, முதல் நகல் ஒரு மாதிரி, இரண்டாவது நகல் இன்னொரு மாதிரி.

கேபிளை மட்டும் மாற்றிப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள், பிறகு மற்றதை. மாற்றமில்லை. கடைசியாக ரேமைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டுத் துணி மடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது திரை முழுக்கப் பிழை பிழை என்று சிவப்பு வரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பழைய சாமான் கடை ரேமைப் பிடுங்கினாள். மறுபடி நகலெடுத்தாள். மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. யாருமில்லாத வீட்டில், "ஆகா!" என்று சத்தமாகச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். அந்த ரேம் வழியாகப் போன எல்லாமே போகும்போதே கெட்டிருக்கிறது. கெட்டதைத்தான் இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது பெட்டி. நல்லது இருந்த டிஸ்க்கை இவர் அழித்துவிட்டார்.

மெக்கானிக் வேலையிலிருந்து வந்ததும் பக்குவமாகச் சொன்னாள். அவர் பிடுங்கிய ரேமைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைகூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே என் கையால அழிச்சிட்டேன்," என்றார்.

"வேற யார்கிட்டயாவது இருக்காதா?"

"தும்பி அம்மாவோட அக்காகிட்ட இருக்கும்," என்றார் அவர். "எல்லாத்தையும் டிவிடில போட்டு அக்காவுக்கு ஒரு செட் குடுப்பா. ஆனா அவங்ககிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது? நம்ம கல்யாணத்தைச் சொல்ல நான் தயங்கித் தயங்கி நின்னேன். அதுக்குள்ள வேற யாரோ சொல்லிட்டாங்க. அன்னைக்குப் போனை வெச்சவங்கதான்."

தும்பியின் பெரியம்மா கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறவர். சித்தி மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அங்கே இறங்கினாள். சின்ன அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறிகள், வாசலில் இரண்டு பிரேக் வைத்த ஒரு கார். வெட்டிய தலைமுடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"கத்துக்கணுமா? காலையிலயா சாயங்காலமா?"

"கத்துக்க வரல. நான் தும்பியோட சித்தி."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். "உள்ள உக்காரு," என்று காரின் கதவைத் திறந்தார். அறையில் ஆள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், காருக்குள்தான் பேச முடியும் என்று பிறகு தெரிந்தது. ஓட்டுகிற இருக்கையில் சித்தி, பக்கத்தில் பெரியம்மா.

சித்தி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ரேமைச் சொன்னாள், இரண்டு டிஸ்க்கைச் சொன்னாள், அழித்ததைச் சொன்னாள்.

"அழிச்சிட்டானா!" பெரியம்மாவின் கால் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தது. நின்றிருந்த கார் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. "அவனுக்கு ஸ்க்ரூ டிரைவரைக் குடுத்தாலே ஆபத்துன்னு என் தங்கச்சி அன்னைக்கே சொல்லுவா. அது சரி, அவன் எங்க? உன்னை அனுப்பிட்டானா?"

"அவர் அனுப்பல. உங்க முகத்தைப் பாக்க அவருக்குப் பயம். நானாத்தான் வந்தேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? அவ வீடியோ இல்லாமப் போனா உனக்கு நல்லதுதானே?"

கேள்வி நேராக வந்து விழுந்தது. சித்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள். "ஆனா அவ டிவியை அணைச்சிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போயிட்டா. ஒண்ணுமே சொல்லல. அழுதிருந்தாக்கூடத் தேவலை. என்கிட்ட அழக் கூடாதுன்னு நினைச்சிட்டாளோன்னு இருந்துச்சு. அது எனக்குத் தாங்கல."

பெரியம்மா முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்கிட்ட இருக்கு," என்றார். "எல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா உன் கையில தர மாட்டேன். உன் வீட்டுக்காரன் கண்ணுலயே காட்ட மாட்டேன். நானே கொண்டு வர்றேன். உக்காந்து, நகலெடுத்து, கையோட எடுத்துட்டுப் போவேன்."

"அதுதான் எங்களுக்கும் வேணும்," என்றாள் சித்தி.

சனிக்கிழமை காலையில் பெரியம்மா வந்தார். ஒரு துணிப்பை நிறைய டிவிடிகள். கதவைத் திறந்த மெக்கானிக் என்ன சொல்வது என்று தெரியாமல், "வாங்க, லிஃப்ட்டு வேலை செஞ்சுதா?" என்றார். அவர்கள் இருந்தது தரைத்தளம். பெரியம்மாவுக்கு எள்ளும் கொள்ளும் வெடித்த முகம் சட்டென்று உடைந்து சிரிப்பு வந்துவிட்டது. "மடையா," என்றார். அதற்குமேல் பழைய பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. தும்பி ஓடி வந்து பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. பெரியம்மா அப்படியே அவளை இழுத்துக்கொண்டுதான் உள்ளே நடந்தார்.

சித்தி பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு டிவிடி டிரைவ் கடன் வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டு நகலெடுத்தாள், ஒப்பிட்டாள், சரியென்று வந்த பிறகே அடுத்ததை எடுத்தாள். மெக்கானிக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தொடக் கூடாது என்று பெரியம்மாவின் உத்தரவு.

ஒரு டிவிடி மட்டும் படிக்கவில்லை. துடைத்தும் பார்த்தாள், மெதுவான வேகத்தில் ஓட்டியும் பார்த்தாள். டிரைவ் முக்கி முனகி நின்றுவிட்டது. மேலே தும்பி அம்மாவின் கையெழுத்தில் 'கடற்கரை' என்று எழுதியிருந்தது.

"அது போச்சா?" என்றாள் தும்பி.

"போச்சும்மா," என்றாள் சித்தி. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. தும்பி உதட்டைக் கடித்தாள். கண் நிறைந்தது. பெரியம்மாவும் அப்பாவும் இருக்கும்போது அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தியின் தோளில்தான். சித்தி அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அன்னைக்கு நானும் கூட இருந்தேன்," என்றார் பெரியம்மா. "உங்கம்மா செருப்பை அலை கொண்டுபோயிடுச்சு. அதைப் பிடிக்கப் போய் உங்கப்பா செருப்பையும் விட்டாரு. ரெண்டு பேரும் வெறுங்காலோட பஸ்ஸுல வந்தாங்க. வீடியோ இல்லாட்டி என்ன, நான் சொல்றேன் கேளு." சொன்னார். மெக்கானிக் நடுநடுவே, "இல்ல, என் செருப்புதான் முதல்ல போச்சு," என்று திருத்தினார். தும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

மத்தியானம் நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்தார்கள். அன்று சித்தி சமையலறைக்குப் போகவில்லை. தும்பி அம்மாவின் முகத்தை முழுசாகப் பார்த்தாள். சிரிக்கும்போது தும்பிக்கு விழுகிற அதே கன்னக்குழி. வீடியோ எடுப்பவரைப் பார்த்து, "விரலை எடுங்க, பாதி படத்துல உங்க விரல்தான் இருக்கு," என்று அதட்டினாள் அவள். சித்தியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த பிறகுதான், இவளோடு பேசியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும் என்று தோன்றியது.

பெரியம்மா கிளம்பும்போது சித்தி ஒரு டிஸ்க்கை நீட்டினாள்.

"இதுலயும் எல்லாம் போட்டிருக்கேன். இது உங்க வீட்டுல இருக்கணும். ரெண்டு நகலும் ஒரே பெட்டியில இருந்தா என்ன ஆகும்னு பாத்துட்டோம். ஆனா இதைச் சும்மா பூட்டி வெச்சாலும் கெட்டுப்போகும். மாசம் ஒரு தடவை கொண்டு வாங்க. புதுசா சேர்ந்ததைப் போட்டு, சரியா இருக்கான்னு பாத்துத் தர்றேன்."

"மாசாமாசமா? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் பெரியம்மா. ஆனால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். காரின் பக்கத்து இருக்கையில் வைத்து, கொஞ்சம் யோசித்து, அதற்கு பெல்ட்டும் மாட்டிவிட்டார்.

அடுத்த மாதம் சொன்ன நாளுக்கு முந்தைய நாளே வந்து நின்றார். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்று காரணம் சொன்னார். யாரும் என்ன வேலை என்று கேட்கவில்லை. சித்தி இன்னொரு தட்டு எடுக்கப் போனாள்.